சிப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்: பவர் எங்கே போகிறது, எப்படித் தடுப்பது?

பவர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் 1 டெசிபெல் இழந்தால், டிரான்சிஸ்டர்கள் பாடுபட்டுக் கொடுத்த பவரில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே சூடாகப் போய்விடும். அதனால் லேஅவுட்டில் (சிப்பில் வரையும் உலோக வடிவங்களில்) கை வைக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுருள்களின் கியூ ஃபேக்டரும் (சுருள் எவ்வளவு குறைவாக இழக்கிறது என்பதன் அளவு, கூடினால் நல்லது) 10, கப்ளிங் (ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதை எவ்வளவு எட்டுகிறது என்பது, உச்சம் 1) 0.7 என்றால், எவ்வளவு நன்றாக மேட்ச் செய்தாலும், அதாவது சுமையோடு பொருத்தினாலும், உள்ளே போன பவரில் 75 சதவீதம்தான் வெளியே வரும். கப்ளிங்கை 0.8-க்கு ஏற்றினால் 78. கப்ளிங்கை அப்படியே விட்டுவிட்டு கியூவை 15-க்குக் கொண்டுபோனால் 83! எல்லோரும் கப்ளிங்கின் பின்னால்தான் ஓடுகிறார்கள், நான் முதலில் கியூவைத்தான் பார்ப்பேன்.

கியூவைத் தின்பவை இரண்டு, சுருளின் உலோகமும் அதற்கு அடியில் இருக்கும் சிலிக்கான் தளமான சப்ஸ்ட்ரேட்டும்.

உலோகத்துக்கு, மேலே இருக்கும் தடித்த லேயரில் வரையுங்கள். இரண்டு சுருள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கப்ளிங் கூடும், ஆனால் கீழ்ச் சுருள் மெல்லிய லேயரில் மாட்டிக்கொண்டால் அதன் மின்தடை அந்த லாபத்தை விழுங்கிவிடும். அகலத்தைக் கூட்டிக்கொண்டே போவதிலும் பலன் இல்லை, ஏனென்றால் 10 கிகாஹெர்ட்ஸில் தாமிரத்தின் ஸ்கின் டெப்த் (மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் ஆழம்) வெறும் 0.66 மைக்ரான், மின்னோட்டம் ஓரத்தில்தான் ஓடும், நடுவில் இருக்கும் உலோகம் சப்ஸ்ட்ரேட்டோடு கெப்பாசிட்டன்ஸைத்தான் கூட்டும். சுருளின் மையத்தைக் காலியாக விடுங்கள். உள்சுற்றுகள் காந்தப்புலம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் இருப்பதால் இண்டக்டன்ஸ் கொஞ்சம்தான் தரும், இழப்பு நிறையத் தரும். வயர்கள் குறுக்கே தாண்டும் இடத்தில் லேயர்களை இணைக்கும் வயாக்களைத் தாராளமாக அடுக்குங்கள்.

அடுத்து சப்ஸ்ட்ரேட். சாதாரண சிமாஸ் (CMOS) சிப்பில் அதன் மின்தடைத்திறன் 10 ஓம்-செ.மீ. அளவில் இருக்கும், அதாவது அது நல்ல கடத்தியும் இல்லை, நல்ல இன்சுலேட்டரும் இல்லை. 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் யூ, வாங் (Yue, Wong) என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிய கோடு போட்ட கிரவுண்ட் ஷீல்ட், அதாவது சுருளுக்கும் சப்ஸ்ட்ரேட்டுக்கும் நடுவே கோடுகோடாக வெட்டிப் போட்டு கிரவுண்டில் இணைத்த தடுப்பு, இங்கே உதவும். மின்புலத்தைத்தான் அது தடுக்கும், காந்தப்புலத்தை அல்ல. கோடுகள் சுருளின் மின்னோட்டத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், எங்கேயும் வளையமாக மூடிவிடக் கூடாது. ஷீல்ட் போட்டால் கெப்பாசிட்டன்ஸ் கூடி, சுருள் தானே ஒத்ததிரும் சுய ஒத்ததிர்வு அதிர்வெண் இறங்கும், அதனால் மில்லிமீட்டர் அலைக்கு (30 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்) போகும்போது ஷீல்ட் இல்லாமலும் சிமுலேஷனை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் காவல் வளையம், அதாவது சுருளை மற்ற பகுதிகளின் இரைச்சலிலிருந்து பிரிக்க அதைச் சுற்றிப் போடும் வளையம். ஒருமுறை நான் சுருளைச் சுற்றி அதை முழுசாக மூடி வரைந்துவிட்டேன். சிமுலேஷனில் சுருள் மட்டும் இருந்ததால் எல்லாம் அழகாக இருந்தது, சிப் வந்து அளந்தபோது வெளியீடு குறைவு, இரண்டு வாரம் மேட்சிங்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மூடிய வளையம் என்றால் ஷார்ட் ஆன இன்னொரு சுற்று, அதில் எதிர் மின்னோட்டம் ஓடி இண்டக்டன்ஸையும் கியூவையும் சேர்த்தே இழுத்துவிடும். ஓர் இடத்தில் வெட்டி விடுங்கள், சுருளுக்கு அடியில் டம்மி ஃபில்லுக்கும் (உலோக அடர்த்தியைச் சமன் செய்ய நிரப்பும் வெற்று உலோகத் துண்டுகளுக்கும்) தடை போடுங்கள்.

மேலே சொன்ன 75-ம் 83-ம் சும்மா கிடைக்காது. 50 ஓம் சுமையில் சுருளை நேராக மாட்டாமல், ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து வேலை செய்யும் அதிர்வெண்ணில் ஒத்ததிர வைத்தால்தான் அந்த எண்களின் பக்கத்தில் போக முடியும். அந்தக் கெப்பாசிட்டரின் மதிப்பைக் கடைசி மின்காந்த சிமுலேஷனில் முடிவு செய்யுங்கள், சுருளோடு வளையம், பேட் (சிப்பை வெளியே இணைக்கும் உலோகத் தட்டு), சப்ளை வயர் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிய பிறகு.