பெருமாள் மலை ஏறப் போகிறீர்களா?

கொடைக்கானல் போகும் வழியில், ஊருக்குச் சற்று முன்னாலேயே பெருமாள்மலை வந்துவிடும். உச்சிக்கு ஏற நினைப்பவர்கள் முதலில் வனத்துறை அனுமதியை விசாரித்துக்கொள்ளுங்கள். 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. கொடைக்கானலுக்கு வண்டியில் போகத் தேவைப்படும் இ-பாஸையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

விடிந்ததும் கிளம்புவது நல்லது. காலையில் பளிச்சென்று இருக்கும் மலையை மதியத்துக்கு மேல் மஞ்சு மூடினால், முன்னால் நடப்பவர்கூடத் தெரியமாட்டார். அப்போது குறுக்குவழி தேடாமல், அது விலகும்வரை பொறுத்திருங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். முந்தைய நாளே கால் நகங்களை வெட்டிவிடுங்கள். இறங்கும் முன் ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் பெருவிரல் ஷூவின் முனையில் முட்டி முட்டி நகம் கறுத்துவிடும். கையில் ஒரு தடி இருந்தால் முழங்கால் பிழைக்கும்.

மழைக்காலம் என்றால் அட்டை நிச்சயம். கடித்ததைப் பிய்த்து இழுக்காமல், நகத்தால் ஓரமாக நெம்பி எடுங்கள். அப்புறம், காட்டுமாடு எதிரே நின்றால் செல்ஃபி வேண்டவே வேண்டாம். சத்தமில்லாமல் பின்வாங்கி வழிவிடுங்கள். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் கொண்டுபோங்கள், கொடைக்கானலில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.