கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள்

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, யானையும் எறும்பும் வரும் ஒரு படக்கதையை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இதிலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டுவிட்டேன். "இதுவும் பாடமாப்பா?" என்று புத்தகத்தை மூடியவள், ஒரு வாரம் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை.

பிள்ளைகள் வாசிப்பதில்லை என்றால் எல்லோரும் செல்போனைத்தான் திட்டுகிறோம். பாதிப் பழி நம்மேல்தான் என்பது என் எண்ணம். பள்ளி விட்டுக் களைத்து வந்த பிள்ளைக்குக் கதைப் புத்தகத்தையும் இன்னொரு டியூஷனாக்கி விடுகிறோம். நீதி கேட்கிறோம், அர்த்தம் கேட்கிறோம், விருந்தாளி வந்தால் நடுக்கூடத்தில் நிறுத்தி ஒப்பிக்கச் சொல்கிறோம். பேச ஆசையாக இருந்தால் அரட்டையாகப் பேசுங்கள்: "நீ அந்த எறும்பா இருந்தா ஓடியிருப்பியா?" பதில் வராவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, புத்தகத்தை நாமே தேர்ந்தெடுப்பது. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும்போதெல்லாம் இந்தக் காட்சியையும் பார்க்கிறேன்: பையன் டைனோசர் படப் புத்தகத்தை எடுப்பான், அப்பா அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் திணிப்பார். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. எட்டு வயதுக்காரனும் வாசகர்தானே. காமிக்ஸ் ஆகட்டும், பத்தாம் தடவையாக எடுக்கும் அதே கதை ஆகட்டும், தடுக்காதீர்கள். தெரிந்த கதையைத் திரும்ப வாசிக்கும்போதுதான் தடுக்கல் குறைந்து வேகம் வரும்.

வகுப்பைப் பார்த்துப் புத்தகம் வாங்குவதும் சரிப்படாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் வைத்தார்கள். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. நடக்கிற பிள்ளையிடம் 'பற' புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடும்.

தானாக வாசிக்கத் தொடங்கியதும் நாம் வாசித்துக் காட்டுவதை நிறுத்துவது பலருக்குத் தவறாகவே தெரிவதில்லை. காது முன்னே போகும், கண் பின்னால்தான் வரும். தானே வாசிக்கத் திணறும் கதையையும் ஒரு குழந்தை கேட்டு ரசிக்கும். ஆங்கில வழியில் படித்து, தமிழ் எழுத்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் தேவை.

கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கிழிந்தால் செலோடேப் இருக்கிறது. காசு இல்லை என்பவர்களுக்குக் கிளை நூலகம் இருக்கிறது. ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அதுவும் இல்லாத நேரத்தில் பஸ் போர்டும் கடைப் பலகையும் போதும். எங்கள் பஸ் எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை மகளிடம் விட்டோம். ஒரு முறை தவறான பஸ்ஸில் ஏறினோம், அவ்வளவுதான்.

அந்த யானைக் கதையை ஒருநாள் அவள் தம்பிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது. "அப்பா, தப்புத் தப்பா வாசிக்கிறே, குடு" என்று பிடுங்கிக்கொண்டாள்.