ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராஃப்ட்? முடி நடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்யப் போகிறவர்கள் "மொத்தம் எத்தனை கிராஃப்ட்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். (கிராஃப்ட் என்பது பிடரியிலிருந்து வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து.) அவற்றை எவ்வளவு நெருக்கமாக நடப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நான் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான்.

வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 80 முதல் 100 முடிக்கொத்துகள் இருக்கும். கொத்துக்கு ஒன்று முதல் நான்கு முடிகள். அந்தப் பழைய அடர்த்தியை ஒரே தடவையில் திரும்பக் கேட்பதுதான் பெரிய தவறு. அது தேவையும் இல்லை. ஏறக்குறைய பாதி முடி போகும்வரை தலை மெலிந்ததே பலருக்குக் கண்ணில் படாது. அதனால்தான் பல மருத்துவர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 35 முதல் 45 கிராஃப்ட் வரை நட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கைதேர்ந்த குழுவால் 50க்கு மேலும் நட முடியும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கிராஃப்டுக்கும் தோலில் ஒரு கீறல் போட வேண்டும். நட்ட கிராஃப்ட் முதல் சில நாட்கள் சுற்றியுள்ள திசுவை நம்பித்தான் பிழைக்கிறது. கீறல்கள் நெருங்க நெருங்க அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களும் சேதமாகும். ஒன்றைச் செருகும்போது பக்கத்தில் நட்டது வெளியே பிதுங்கும். அதைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் வேர் நசுங்கும். அரிதாக, தோலே கருகித் தழும்பாகிவிடுவதும் உண்டு. புகைபிடிப்பவர்களுக்கும், சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்காதவர்களுக்கும், தலையில் பழைய தழும்பு உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். இதையெல்லாம் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது.

அப்புறம், பிடரியில் இருக்கும் கையிருப்பு. நட வேண்டிய இடம் 80 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 வீதம் நட்டால் 3200 கிராஃப்ட், 60 வீதம் என்றால் 4800. அந்தக் கூடுதல் 1600ஐயும் பிடரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்; எடுத்த இடத்தில் முடி மறுபடி முளைக்காது. 25 வயதில் முன்நெற்றிக்கே அள்ளிக் கொடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து உச்சி வழுக்கையாகும்போது நடுவதற்குப் போதிய முடி மிஞ்சாது. இளைஞர்கள்தான் அதிக அடர்த்தி கேட்கிறார்கள், அவர்களுக்குத்தான் இது அதிகம் பாதிக்கும்.

தலை முழுக்க ஒரே அடர்த்தி கேட்பதும் சரியல்ல. முன்வரிசையில் ஒற்றை முடி கிராஃப்டுகளைச் சற்றுக் கலைத்து நட்டால்தான் இயல்பாக இருக்கும். இரண்டு, மூன்று முடி உள்ளவை அதற்குப் பின்னால். முடி தடிமனாக இருப்பவருக்குக் குறைந்த எண்ணிக்கையே நன்றாக மூடிவிடும். ஆகவே நண்பருக்கு நட்ட கணக்கை உங்கள் தலைக்குக் கேட்காதீர்கள்.

நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்வது வழக்கம். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 12 மாதம் ஆகும். அதற்குள் "அடர்த்தி போதவில்லை" என்று அடுத்த அமர்வுக்கு அவசரப்பட வேண்டாம். பொறுத்துப் பார்த்தபின் இடைவெளி தெரிந்தால், அப்போது நிரப்பிக்கொள்ளலாம்.