இளையோர் நாவல் எழுதுபவரிடம் இன்டர்னாகப் போகிறீர்களா? என் 11 மாத அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்

பதின்பருவத்தினருக்காக நாவல் எழுதும் ஒருவரிடம் 11 மாதம் இன்டர்னாக இருந்தேன். போகும்போது என் மனதில் இருந்த படம் வேறு: அவர் எழுதுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், அப்படியே எழுதக் கற்றுக்கொள்வேன். ஆனால் காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவர் அறைக் கதவு சாத்தியே இருக்கும். அந்த நேரத்தில் அவரைத் தேடி வரும் மெயில், ஃபோன், பார்சல், கேள்வி எல்லாம் என்னிடம்தான் வரும். அந்தக் கதவு திறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி, அவருக்குக் கடிதம் எழுதும் பிள்ளைகள். அதைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேருவதிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான எழுத்தாளர்கள் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று விளம்பரம் செய்வதில்லை, நீங்களாகத்தான் கேட்க வேண்டும். "உங்கள் புத்தகங்கள் என்றால் எனக்கு உயிர்" என்று எழுதும் மெயில்கள் அவர்களுக்கு நிறைய வரும், அதனால் அதை இரண்டு வரியோடு நிறுத்திவிட்டு, வேலையைக் காட்டுங்கள். நான் அவருடைய ஒரு நாவலை எடுத்து, எந்தச் சம்பவம் எந்தக் கிழமையில் நடக்கிறது, எந்த ரகசியம் யாருக்கு எப்போது தெரியவருகிறது என்று ஒரு பக்கத்துக்கு அட்டவணை போட்டு இணைத்தேன். ஓர் இடத்தில் நாள் இடித்தது, அதைத் தவறு என்று சொல்லாமல் கேள்வியாக எழுதி வைத்தேன். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் கூப்பிட்டேன் என்று பிறகு அவரே சொன்னார்.

சேர்வதற்கு முன்னால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம், சம்பளம் எவ்வளவு, நான் செய்வதில் எதை வெளியே சொல்லலாம் என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள், ஏனென்றால் அனுபவம் கிடைக்கும் என்பது சம்பளத்துக்கு ஈடு கிடையாது. ரகசியம் காப்பதற்கான ஒப்பந்தம் ஒன்றும் தருவார்கள். முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அன்றிலிருந்து அடுத்த பாகத்தில் யார் சாகிறார்கள் என்பதை உங்கள் உயிர்த்தோழியிடம்கூடச் சொல்ல முடியாது.

இளையோர் நாவல் என்றால் எந்த வயது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படும் பிரின்ட்ஸ் விருது, 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு என்று வெளியான புத்தகங்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. பெரியவர்களும் நிறையப் படிக்கிறார்கள், அது வேறு. ஆனால் பிள்ளைகள் எப்போதும் தங்களைவிடப் பெரிய பிள்ளைகளைப் பற்றித்தான் படிக்க விரும்புவார்கள். நாயகிக்குப் பதினேழு வயது என்றால், அவளுக்காக அழுது கடிதம் எழுதும் வாசகிக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று இருக்கும். மெயிலைத் திறக்கும்போதெல்லாம் இது நினைவில் இருக்கட்டும்.

எனக்கு முதலில் கொடுத்த பெரிய வேலை, கதைக் கோப்பு. தொடர் நாவல் என்றால் இது இல்லாமல் ஓடவே ஓடாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர், பெயரின் எழுத்துக்கூட்டல், பிறந்தநாள், கண் நிறம், தழும்பு எந்தக் கையில், யாரை எப்படிக் கூப்பிடுவார்கள், யாரிடம் என்ன பொய் சொல்லியிருக்கிறார்கள், அது எந்த அத்தியாயம், எந்தப் பக்கம் என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட். நினைவிலிருந்து எதையும் நிரப்பாதீர்கள், பக்க எண் இல்லாத தகவல் பயன்படாது. அச்சான புத்தகத்தின் பக்க எண்ணைப் போடுங்கள், கையெழுத்துப் பிரதியில் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும்.

இளையோர் நாவலில் அதிகம் இடறுவது வயதும் நாட்காட்டியும்தான். கதை 14 மாதம் நடக்கிறது, நாயகி முதல் பக்கத்திலும் பதினாறு, கடைசிப் பக்கத்திலும் பதினாறு என்றால் நடுவில் ஒரு பிறந்தநாள் காணாமல் போயிருக்கிறது. பள்ளிக்கூடம் வருகிற கதை என்பதால் ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வந்துவிடும், விடுமுறையில் வகுப்பு நடக்கும். நிலாவையும் விடாதீர்கள். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள், ஆனால் நான் சரிபார்த்த ஒரு வரைவில் பத்து நாளில் இரண்டு பௌர்ணமி வந்தது. முழுநிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் உதிக்கும், அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அது உச்சிவானில் இருக்க முடியாது. பதின்மூன்று வயது வாசகர்கள் இதையெல்லாம் கண்டுபிடித்து எழுதுவார்கள், பக்க எண்ணோடு. புத்தகத்தை ஏழெட்டு முறை படித்தவர்கள் அவர்கள்.

அப்புறம் வரைவு படிக்கச் சொல்வார். இதில் நான் ஆரம்பத்தில் செய்தது தப்பு. ஒரு காட்சி சரியில்லை என்று பட்டால் அதை எப்படி மாற்றலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "எங்க போரடிச்சுதுன்னு மட்டும் சொல்லு. எப்படிச் சரிபண்றதுன்னு நான் பாத்துக்கறேன்." அதற்குப் பிறகு ஓரத்தில் சின்னச் சின்னதாகக் குறிக்கப் பழகினேன்: இங்கே வேகமாகப் புரட்டினேன், இங்கே யார் பேசுகிறார் என்று குழம்பினேன், இங்கே அழுதேன், இவன்தான் செய்திருப்பான் என்று இந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. முதல் முறை படிக்கும்போது தோன்றுவது ஒருமுறைதான் தோன்றும், அதனால் படித்துக்கொண்டிருக்கும்போதே குறித்துவிடுங்கள், முடித்துவிட்டு யோசித்து எழுதினால் அது விமர்சனமாகிவிடும். பிடித்த இடத்தையும் மறக்காமல் குறியுங்கள், இல்லையென்றால் திருத்தும்போது நல்ல வரியும் சேர்ந்து போய்விடும்.

நீங்கள் வயதில் சின்னவர் என்றால் "இப்போது பசங்க எப்படிப் பேசுறாங்க" என்று கேட்பார்கள். கவனமாகப் பதில் சொல்லுங்கள். ஒரு நாவல் பதிப்பகத்தின் கைக்குப் போனதிலிருந்து கடைக்கு வர ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். இந்த மாதம் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல் அதற்குள் பழசாகிவிடும், அந்தச் சொல்லைப் பார்க்கிற பிள்ளை, பெரியவர் யாரோ வேஷம் போடுகிறார் என்று உடனே கண்டுபிடித்துவிடும். நான் சொற்களைக் கொடுப்பதை விட்டுவிட்டு, பேச்சு எப்படிப் போகிறது என்பதைச் சொன்னேன்: யார் யாரைப் பேச விடாமல் குறுக்கே பாய்கிறார்கள், கோபம் வந்தால் மெசேஜுக்கு எவ்வளவு நேரம் பதில் போடாமல் இருக்கிறார்கள், எதை எழுதிவிட்டு அழிக்கிறார்கள். இதெல்லாம் சீக்கிரம் பழசாவதில்லை.

இப்போது கடிதங்கள். சேர்ந்த மூன்றாவது வாரம், பதில் போகாத மெயில் நாற்பதுக்கு மேல் குவிந்திருந்தது. முதல் சில வரிகளைப் பார்த்து, தயாராக இருந்த பொதுப் பதிலை அனுப்பிக்கொண்டே போனேன். ஒன்று நீளமானது. மேலே எல்லாம் புத்தகத்தைப் பற்றி, யாரைப் பிடிக்கும், அடுத்த பாகம் எப்போது. கடைசிக்கு முந்தின பத்தியில், கதையில் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் நடப்பதுதான் தனக்கும் நடக்கிறது, இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதியிருந்தது. அதை நான் படிக்கவே இல்லை. வாசித்ததற்கு நன்றி, அடுத்த பாகம் விரைவில் வருகிறது என்ற பதில் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மெயில்களைப் பிரித்து அடுக்கும்போதுதான் முழுசாகப் படித்தேன். வயிற்றைப் பிசைந்தது. அந்தச் சாத்திய கதவை நான் தட்டியது 11 மாதத்தில் அந்த ஒரு தடவைதான். அவர் என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, மதியம் வரை உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்குத் தானே பதில் எழுதினார். "முக்கியமானதைப் பிள்ளைங்க மேல எழுத மாட்டாங்க, கீழதான் எழுதுவாங்க" என்றார்.

அன்றிலிருந்து எந்தக் கடிதத்தையும் கடைசி வரி வரை படிக்காமல் பதில் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், நாற்பது மெயிலுக்கு இரண்டு நாள் ஆனாலும் சரி. இந்த மாதிரி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே எழுத்தாளரிடம் சொல்லுங்கள், நீங்களாகப் பதில் போடாதீர்கள். போகிற பதிலில் இருக்க வேண்டியவை: நீ சொன்னதை நாங்கள் நம்புகிறோம், சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை. அடுத்து, எங்களுக்கு இதில் பயிற்சி இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லி, அந்தப் பிள்ளையின் நாட்டில் இருக்கும் குழந்தைகள் உதவி எண்ணைக் கொடுத்து, ஆசிரியரோ உறவினரோ நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்று தெரிந்தால் அவசர உதவி எண்ணும் வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது, அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. உங்கள் சொந்த நம்பரைக் கொடுப்பது, தனியாகப் பேசத் தொடங்குவது இரண்டும் வேண்டாம், எவ்வளவு மனசு கேட்காவிட்டாலும். உதவி எண்களை முன்கூட்டியே நாடுவாரியாக ஒரு தாளில் எழுதி, எல்லாம் இன்னும் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது சரிபாருங்கள். கடிதம் வந்த பிறகு தேடினால் பதற்றத்தில் தப்பு நடக்கும்.

பிள்ளைகளின் முகவரி, பள்ளிக்கூடத்தின் பெயர், ஃபோட்டோ எல்லாம் உங்கள் கைக்கு வரும். எவ்வளவு அழகான கடிதமாக இருந்தாலும் அதைப் படம் எடுத்து வெளியே போடாதீர்கள். எழுத்தாளரின் இணையதளத்தில் செய்திமடலுக்குப் பெயர் கொடுக்கும் படிவம் இருந்தால் வயது கேட்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கான தளங்கள் 13 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் விவரங்களை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அமெரிக்காவில் 1998-இல் சட்டம் போட்டார்கள், 2000-இல் அது நடைமுறைக்கு வந்தது. மற்ற நாடுகளிலும் இதைப் போன்ற விதிகள் உண்டு.

இன்னொரு வகைக் கடிதம் வரும்: "அடுத்த பாகத்துக்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது." அதை எழுத்தாளருக்கு அனுப்பாதீர்கள், நீங்களும் அந்தக் கதையை மட்டும் படிக்காமல் தாண்டி, கடிதத்தின் மீதியைக் கடைசி வரி வரை படியுங்கள். தற்செயலாக அதே மாதிரி ஒரு திருப்பம் அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதில் இருந்தால், பின்னால் திருடிவிட்டார் என்ற பேச்சு வரும். அன்பாக, அவரால் பிறர் கதைகளைப் படிக்க முடியாது என்று எழுதி, அந்தக் கதையை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். நான் அப்படி எழுதிய பல பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டதாகப் பதில் போட்டார்கள், இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பதில்கள் அவை.

விமர்சனங்களைப் பற்றி: எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள். புத்தகம் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு வரிகூட வேண்டாம் என்பார்கள் சிலர். நல்ல விமர்சனம்தானே என்று நீங்களாக அனுப்பினாலும் அன்றைய காலை போய்விடும்.

மெய்ப்பு பார்க்கும் கட்டத்தில் வேலை இறுகும். பக்கம் வடிவமைத்து முடிந்து வந்திருக்கும், இப்போது ஒரு வரி கூடினால் அடுத்த பக்கங்கள் எல்லாம் நகரும், அதனால் அழகுபடுத்த ஆசைப்படாமல் பிழையை மட்டும் பிடியுங்கள். வரிக்குக் கீழே ஒரு ஸ்கேலை வைத்துச் சத்தமாகப் படிப்பதுதான் எனக்கு உதவியது, கண் தாண்டிப்போவதை நாக்கு பிடித்துவிடும். அத்தியாயத் தலைப்பு, பக்க எண், நன்றியுரையில் வரும் பெயர்கள் ஆகியவற்றைத் தனியாக ஒரு சுற்றுப் பாருங்கள், எல்லோரும் தவறவிடுவது அவற்றைத்தான். திருத்தம் வேண்டாம், இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு ஸ்டெட் என்று ஓரத்தில் எழுதி, சொல்லுக்கு அடியில் புள்ளி வைப்பார்கள். பேச்சுவழக்கில் வேண்டுமென்றே உடைத்து எழுதிய வசனங்களைத் திருத்துபவர் இலக்கணப்படி மாற்றியிருப்பார், அங்கெல்லாம் இது நிறையத் தேவைப்படும். ஆனால் ஸ்டெட் போடுவது எழுத்தாளரின் உரிமை, நீங்கள் இடத்தைக் காட்டினால் போதும்.

வெளியீட்டுக்கு முன்னால் அனுப்பும் பிரதிகளுக்கு யாருக்குப் போனது, எந்தத் தேதியில் போனது என்ற பட்டியல் வேண்டும். அவை திருத்தாத பிரதிகள், மேற்கோள் காட்டுவதற்கு முன் அச்சான புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி அட்டையிலேயே போட்டிருக்கும். பள்ளிக்கூட நிகழ்ச்சி என்றால் மைக் உண்டா, எத்தனை பிள்ளைகள், கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் என்று முந்தின நாளே கேட்டால் போதும்.

உங்களுக்கும் எழுத ஆசை இருக்கலாம், எனக்கும் இருந்தது. வேலை நடக்கும் காலத்தில் உங்கள் கதையை அவர் மேஜையில் வைக்காதீர்கள். வாசகர் கதைகளுக்குச் சொன்ன, திருடிவிட்டார் என்ற பேச்சு வரும் அதே சிக்கல்தான், கூடவே அவரால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நான் கேட்கவில்லை. கடைசி மாதத்தில் அவரே கேட்டார், பத்துப் பக்கம் கொடுத்தேன், மூன்று இடத்தில் "இங்கே புரட்டினேன்" என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தார்.

கிளம்பும்போது அடுத்து வருபவருக்கு ஒரு கோப்பு எழுதி வையுங்கள். எந்த மாதம் என்ன வேலை வரும், கதைக் கோப்பு எந்த அத்தியாயம் வரை முடிந்திருக்கிறது, பதிப்பகத்தில் எந்தக் கேள்விக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடவுச்சொற்களை மாற்றச் சொல்லுங்கள், உங்கள் கணினியில் இருக்கும் வாசகர் கடிதங்களை ஒன்று விடாமல் அழித்துவிடுங்கள். இன்னும் பதில் போகாத கடிதங்களின் பட்டியலை அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது கடைசி வரி வரை படித்ததா இல்லையா என்று குறித்து.