இங்கிலாந்துல மெட்டல் டிடெக்டிங் ஆரம்பிக்கப் போறீங்களா? மண்ணைத் தோண்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன டிசம்பர்ல நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு, கையில புத்தம்புது மெட்டல் டிடெக்டர் (மண்ணுக்குள்ள இருக்குற உலோகத்தைக் காட்டிக்கொடுக்குற கருவி), "அண்ணா, நாளைக்கு காலையில பக்கத்து பார்க்குக்குப் போய் ட்ரை பண்ணப் போறேன்"னு அவ்ளோ ஆசையா சொன்னாரு. அவரை ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்கார வச்சு நான் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன். இங்கிலாந்துல டிடெக்டர் வாங்கவோ வச்சுக்கவோ லைசென்ஸ் எதுவும் வேணாம், அதனால எங்க வேணாலும் தோண்டலாம்னு நிறைய பேரு நினைச்சுடுறாங்க. அங்கதான் சிக்கலே.

படி 1: அந்த மண்ணு யாரோடதுன்னு கண்டுபிடிங்க

இங்க சொந்தக்காரர் இல்லாத நிலம்னு ஒண்ணு கிடையாது. பார்க்குன்னா கவுன்சில், வயல்னா விவசாயி, ஊர்ப் பொதுநிலம்னு எல்லாரும் நடக்குற இடத்துக்குக்கூட ஒரு ஓனர் இருப்பாரு. நடக்க உரிமை இருக்குங்கறதுக்காக தோண்ட உரிமை இருக்குன்னு ஆயிடாது. கேக்காம தோண்டி எதையாவது எடுத்துட்டு வந்தா அது 1968-ம் வருஷத் திருட்டுச் சட்டத்துல போய் நிக்கும், இப்படி ராத்திரியில திருட்டுத்தனமா போறவங்களுக்கு இங்க 'நைட்ஹாக்'னே பேரு வச்சிருக்காங்க.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வயல்ல உழுறவர் குத்தகைக்காரரா இருக்கலாம், அப்ப ஓனர் கிட்டயும் கேக்கணும், குத்தகைக்காரர் கிட்டயும் கேக்கணும். ஒருத்தர் சரின்னு சொன்னது பத்தாது. நேஷனல் ட்ரஸ்ட்னு பழைய கட்டடங்களையும் நிலங்களையும் பாதுகாக்குற ஒரு அறக்கட்டளை இருக்கு, அவங்க நிலத்துல பொதுவா விடவே மாட்டாங்க, அங்க போய் மல்லுக்கட்ட வேணாம்.

படி 2: அந்த இடம் பாதுகாக்கப்பட்டதான்னு மேப்புல பாருங்க

ஓனர் சரின்னு சொன்னாலும் சில இடத்துல டிடெக்டரை ஆன் பண்ணவே கூடாது. 1979-ம் வருஷப் புராதனச் சின்னங்கள் சட்டம், அதோட 42-வது பிரிவு, 'ஷெட்யூல்ட் மான்யுமென்ட்'னு பட்டியல்ல இருக்குற இடத்துல ஹிஸ்டாரிக் இங்கிலாந்தோட (பழைய சின்னங்களைப் பாத்துக்குற அரசு அமைப்பு) எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம டிடெக்டரை உபயோகிக்கிறதே குற்றம்னு சொல்லுது. ஒண்ணும் எடுக்கலியே, சும்மா சுத்திதான் பாத்தேன்னு சொன்னாலும் தப்பிக்க முடியாது. இந்த மாதிரி இடங்க இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 இருக்கு, சிலது பாக்குறதுக்கு வெறும் புல்வெளியாத்தான் தெரியும், அடியில ரோமானியர் காலத்து வீடு இருக்கும். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வெப்சைட்ல பட்டியலும் மேப்பும் ஃப்ரீயா இருக்கு, பத்து நிமிஷ வேலை.

இயற்கைப் பாதுகாப்புக்குன்னு ஒதுக்கின நிலம், அரசாங்க மானியத் திட்டத்துல இருக்குற வயல், இதுக்கெல்லாம் தனிக் கட்டுப்பாடு இருக்கலாம். விவசாயியையே கேளுங்க, "இந்த வயல் ஏதாவது ஸ்கீம்ல இருக்கா"ன்னு. தெரியாம தோண்டி அவரோட மானியத்துக்குப் பிரச்சினை வந்தா, அப்புறம் அந்த வட்டாரத்துலயே யாரும் உங்களை உள்ள விட மாட்டாங்க.

படி 3: நேர்ல போய் கேளுங்க, பேப்பர்ல எழுதி வாங்குங்க

ஈமெயில் அனுப்பிட்டு காத்திருக்குறதை விட நேர்ல போறது மேல். அறுவடை நேரத்துலயும் ஆட்டுக்குட்டி போடுற சீசன்லயும் போகாதீங்க, அவங்களுக்குத் தூங்கவே நேரம் இருக்காது. நான் ஆரம்பத்துல பதினாலு வீட்டுக் கதவைத் தட்டினேன், பன்னெண்டு பேரு முடியாதுன்னுட்டாங்க, ஒருத்தர் யோசிச்சு சொல்றேன்னாரு, கடைசியா ஒரு வயசான அம்மா டீ போட்டுக் கொடுத்து "வாங்க, ஆனா கேட்டைச் சாத்திட்டுப் போகணும்"னாங்க. அந்த ஒரு வயல்லதான் நாலு வருஷமா போயிட்டிருக்கேன்.

அந்த அம்மா வாயால சொன்னதே போதும்னு நான் விடல, ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எந்தெந்த வயல், எந்த மாசம், குழியை மூடுற பொறுப்பு யாரோடது, கிடைச்ச பொருள் யாருக்கு, புதையலை மியூசியம் எடுத்துக்கிட்டு பரிசுப் பணம் கொடுத்தா எப்படிப் பங்கு, இது எல்லாம் அதுல இருக்கணும். பாதிக்குப் பாதின்னு போடுறதுதான் இங்க வழக்கம். ஒண்ணுமே கிடைக்காதப்ப இதைப் பேசுறது சங்கடமா இருக்கும்தான், ஆனா தங்கத்தைக் கையில வச்சுக்கிட்டு பேசுறதை விட ஆயிரம் மடங்கு சுலபம்.

கூடவே நேஷனல் கவுன்சில் ஃபார் மெட்டல் டிடெக்டிங்ல மெம்பர் ஆயிடுங்க, அதுல இன்சூரன்ஸும் சேர்ந்தே வருது. இன்சூரன்ஸ் இருக்குன்னு கார்டைக் காட்டினா விவசாயி முகத்துல ஒரு நம்பிக்கை வரும்.

படி 4: தோண்டுறப்ப

உழுத மண்ணோட ஆழத்துக்குள்ளயே நில்லுங்க. அதுக்குக் கீழ சிக்னல் வலுவா வந்துச்சுன்னா, இல்ல ஒரே இடத்துல காசு காசா வந்துச்சுன்னா, கையை எடுத்துடுங்க. இதுதான் ரொம்பக் கஷ்டமான படி, ஏன்னா அந்த நேரத்துல நெஞ்சு அடிச்சுக்கும்.

எரிக் லாஸ்னு ஒருத்தர், 1992 நவம்பர்ல சஃபோக்ல ஹாக்ஸ்ன் கிராமத்துல, விவசாயி தொலைச்ச சுத்தியலைத் தேடப் போனவருக்கு ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும் அகப்பட்டுச்சு. அவரு கொஞ்சம் எடுத்ததுமே நிறுத்திட்டு தகவல் கொடுத்துட்டாரு, மறுநாள் தொல்லியல்காரங்க வந்து முறையா தோண்டினாங்க. அதனாலதான் அந்தப் புதையல் மரப்பெட்டியில எப்படி அடுக்கி வச்சிருந்துச்சுன்னு வரைக்கும் இன்னைக்குத் தெரியுது. சுமார் 15,000 காசு. பரிசு 17.5 லட்சம் பவுண்ட். அந்தச் சுத்தியலும் கிடைச்சுது, அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துலதான் இருக்கு. ஒரு பொருள் எங்க, எந்த ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுங்கறது போச்சுன்னா பாதி சரித்திரம் போச்சு, அதனால நீங்க எடுக்குற ஒவ்வொண்ணுக்கும் ஜிபிஎஸ்ல இடத்தைக் குறிச்சு, தனித்தனி கவர்ல போட்டு வைங்க.

பழைய குண்டு மாதிரி ஏதாவது தெரிஞ்சா, மனுஷ எலும்பு தெரிஞ்சா, தொடாம தள்ளி வந்து போலீஸைக் கூப்பிடுங்க.

படி 5: எது 'ட்ரெஷர்', யார்கிட்ட சொல்லணும்

1996-ம் வருஷ ட்ரெஷர் ஆக்ட்தான் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். 300 வருஷத்துக்கு மேல பழசா, 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருக்குற பொருள் ட்ரெஷர். காசுன்னா அதே அளவு தங்கமோ வெள்ளியோ இருக்கணும், ஒரே இடத்துல ரெண்டு கிடைச்சாலே ட்ரெஷர், தங்கமோ வெள்ளியோ 10 சதவீதத்துக்குக் குறைவா இருக்குற காசுன்னா பத்து இருக்கணும். சரித்திரத்துக்கு முந்தின காலத்து வெண்கலப் பொருள் ரெண்டு சேர்ந்து கிடைச்சாலும் ட்ரெஷர்தான்.

2023 ஜூலைல இன்னொண்ணு சேத்தாங்க: 200 வருஷத்துக்கு மேல பழசா, உலோகம் கலந்ததா, ரொம்பவே முக்கியத்துவம் உள்ளதா இருந்தா, தங்கம் வெள்ளி இல்லைன்னாலும் ட்ரெஷர். இதுக்குப் பின்னாடி ஒரு வருத்தம் இருக்கு. 2010-ல கம்ப்ரியாவுல க்ராஸ்பி காரெட்டுங்கற இடத்துல முகமூடியோட ஒரு ரோமானியத் தலைக்கவசம் கிடைச்சுது, அவ்ளோ அழகு, ஆனா வெண்கலம்ங்கறதால அன்னைக்குச் சட்டப்படி அது ட்ரெஷர் இல்ல, ஏலத்துல சுமார் 23 லட்சம் பவுண்டுக்குத் தனியார் கைக்குப் போயிடுச்சு.

ட்ரெஷரா இருக்கலாம்னு தோணினதுல இருந்து 14 நாளுக்குள்ள அந்த ஏரியா கொரோனருக்கு (சந்தேக மரணத்தையும் ட்ரெஷரையும் விசாரிக்கிற அதிகாரி) தெரிவிக்கணும், பயப்படாதீங்க, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஃபைண்ட்ஸ் லியெசான் ஆஃபீசர்னு ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தா மீதியை அவரே பாத்துக்குவாரு. சொல்லாம மறைச்சா 3 மாசம் ஜெயில் வரைக்கும் போகலாம், அதுக்கு மேல திருட்டுக் கேஸும் போடலாம். 2015-ல ஹெர்ஃபோர்ட்ஷயர்ல ரெண்டு பேரு வைக்கிங் காலத்துப் புதையலை எடுத்து சொல்லாம வித்தாங்க, 2019-ல கோர்ட்டு 10 வருஷமும் எட்டரை வருஷமும் கொடுத்துச்சு, அப்பீல்ல குறைஞ்சாலும் வருஷக்கணக்குதான். சுமார் 300 காசு இருந்திருக்கும்னு சொல்றாங்க, மீட்டது 30 சொச்சம். ஒழுங்கா சொல்லியிருந்தா ஓனரோட சேர்ந்து அவங்களுக்கே பெரிய பரிசு வந்திருக்கும்.

ட்ரெஷர் இல்லாத பொருளை, பட்டன், பக்கிள், ஒத்தக் காசு, சொல்லணும்னு கட்டாயம் இல்ல. ஆனா அதே ஆஃபீசர்கிட்ட காட்டுங்க, போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்னு, பொதுமக்கள் கண்டெடுக்குற பழம்பொருளுக்கான திட்டத்துல பதிவு பண்ணுவாங்க. நான் கொடுத்த ஒரு உடைஞ்ச ரோமானிய ஊக்கு அந்த டேட்டாபேஸ்ல இருக்கு, அந்த வயல் அம்மாகிட்ட காட்டினப்ப அவங்க பட்ட சந்தோஷம் எனக்கு மறக்காது.

கடற்கரை, பக்கத்து நாடுங்க

கடற்கரையும் யாரோ ஒருத்தரோடதுதான், போறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. லண்டன் தேம்ஸ் கரைன்னா போர்ட் ஆஃப் லண்டன் அதாரிட்டி பெர்மிட் இல்லாம தேடவே கூடாது. கப்பல் சிதைவுல வந்த பொருள்னா ரிசீவர் ஆஃப் ரெக்குங்கற அரசு அதிகாரிக்கு 28 நாளுக்குள்ள சொல்லணும். ஸ்காட்லாந்துல சட்டமே வேற, பழம்பொருள்னா தங்கமோ தகரமோ எல்லாத்தையும் ரிப்போர்ட் பண்ணணும். வடக்கு அயர்லாந்துலயும் அயர்லாந்துலயும் பழம்பொருள் தேடுறதுக்கே லைசென்ஸ் வேணும், லீவுக்குப் போறப்ப டிடெக்டரை வீட்லயே வச்சுட்டுப் போங்க.

டிடெக்டரை ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமா?

அந்தத் தம்பி கடைசியா கேட்டது இதுதான். அவங்க ஊர் மேட்டுல மழை பெஞ்சா முதுமக்கள் தாழி ஓடு வெளிய வருமாம், அங்க டிடெக்டரை ஓட்டிப் பாக்கலாம்னு ஆசை. வேணாம்னு சொன்னேன். இந்தியாவுல 1878-ம் வருஷப் புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுல மறைஞ்சிருந்த பொருள் 10 ரூபா மதிப்புக்கு மேல போனாலே கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், தவறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 100 வருஷத்துக்கு மேல பழசான தொல்பொருளைத் தனி ஆளுங்க நாட்டை விட்டு வெளிய கொண்டுபோக 1972-ம் வருஷச் சட்டம் விடாது. தாழி வர்ற மேடுன்னா அது தொல்லியல்காரங்க அடுக்கு அடுக்கா தோண்ட வேண்டிய இடம், அங்க ஒரு கம்பியும் மண்வெட்டியும் போனாலே கெட்டுடும்.

அவரு அங்கயே உக்காந்து அவங்க மாமாவுக்கு போன் போட்டாரு, அந்தத் தாழி ஓடுகளை போட்டோ எடுத்து விஏஓகிட்டயும் தொல்லியல் துறைகிட்டயும் காட்டச் சொல்லி. பார்க்குக்கு டிடெக்டர் எடுத்துட்டுப் போற விஷயமா கவுன்சிலுக்கு மறுநாள் காலையில மெயில் அனுப்பினாரு.