ஜார்ஜ்டவுனில் தாத்தா பாட்டி குடியிருந்த வீட்டைக் கண்டுபிடிக்க

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் ஒரு கறுப்பினக் குடும்பம் எந்த வீட்டில் இருந்தது என்று தேடுகிறவர்கள் முதலில் போவது பத்திரப் பதிவுக்கு. அங்கே வீட்டுக்காரர் பெயர்தான் கிடைக்கும். வாடகைக்கு இருந்தவர்களைப் பத்திரம் கண்டுகொள்ளாது. 1930களிலேயே பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பிக்கும் வேகம் பிடித்துவிட்டது. 1950இல், பகுதியின் பழைய தோற்றத்தைக் காக்க ‘பழைய ஜார்ஜ்டவுன் சட்டம்’ வந்தது. விலையும் வாடகையும் ஏற ஏற, காலி செய்ய நேர்ந்ததும் வாடகைக்கு இருந்த இந்தக் குடும்பங்களுக்குத்தான்.

ஆகவே சர்ச்சிலிருந்து தொடங்குங்கள். 29ஆம் தெருவிலுள்ள மவுண்ட் சயன் மெதடிஸ்ட் சபை 1816இல் தொடங்கியது. வீடு மாறிப் போனவர்களும் ஞாயிறன்று அங்கேயே திரும்பி வந்தார்கள். ஞானஸ்நானப் பதிவு, உறுப்பினர் பட்டியல், அடக்க ஆராதனைத் தாள், ஆண்டுவிழா மலர் ஆகியவற்றைக் கேளுங்கள். மெதடிஸ்ட் சபைகளில் உறுப்பினர்களைச் சிறு ‘கிளாஸ்’களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைப்பார்கள், அந்தப் பட்டியல் இருந்தால் விடாதீர்கள். ஒரே கிளாஸில் இருப்பவர்கள் பல சமயம் அக்கம்பக்கத்தார்.

பெயரும் தோராய ஆண்டும் கிடைத்ததும் 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பாருங்கள். தெருப்பெயர் இடது ஓரத்தில் நெட்டுக்குத்தாக எழுதியிருக்கும். 2ஆம் பத்தி வீட்டு எண். 4இல் ‘ஓ’ (O) என்றால் சொந்த வீடு, ‘ஆர்’ (R) என்றால் வாடகை. 5இல் வீட்டு மதிப்போ மாத வாடகையோ. அதோடு நிறுத்தாமல் 17ஆம் பத்தியையும் பாருங்கள்: 1935 ஏப்ரல் 1 அன்று எங்கே இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 2022இல் வெளியான 1950 தாள்களில் வாடகை விவரத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வீட்டு விவரங்களை வேறு படிவத்தில் வாங்கினார்கள்.

அடுத்தது சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடம், காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஒவ்வொரு கட்டடத்தையும் வரைந்து காட்டியது. காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசம். 1 அங்குலம் 50 அடி. மஞ்சள் நிறம் என்றால் மரவீடு, இளஞ்சிவப்பு என்றால் செங்கல், ‘டி’ (D) எழுத்து என்றால் குடியிருப்பு. 12 அடி அகல சந்து வீடு கால் அங்குலம்கூட வராது. நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மாற்றம் வந்தபோதெல்லாம் மேலே துண்டுத்தாள் ஒட்டித் திருத்தியிருப்பார்கள் என்பதால், அட்டையில் போட்ட ஆண்டை அப்படியே நம்பக்கூடாது.

பெரும்பாலோர் வழுக்குவது தெருப்பெயரில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ்டவுன் தெருக்களின் பெயர்களை மாற்றினார்கள்: கிரீன் தெரு 29ஆம் தெரு, மான்ட்கோமரி தெரு 28ஆம் தெரு, பிரிட்ஜ் தெரு எம் தெரு. சந்துகளும் தப்பவில்லை, பெல்ஸ் கோர்ட் இன்று பொமாண்டர் வாக். பழைய பதிவில் விலாசம் கிடைத்தால் முதலில் இன்றைய பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புல்டோசர் ஓடிய பேட்டைகளில் தேடல் வெற்று மனையில் முடியும். இங்கே அப்படியில்லை, ஆட்கள்தான் போனார்கள், வீடு பெரும்பாலும் நிற்கும். முகப்பு மட்டும் மாறியிருக்கலாம். 1877 முதல் 1949 வரையிலான கட்டட அனுமதிகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. வாசலை இடம் மாற்றியதோ, பின்கட்டு சேர்த்ததோ அதில் தெரிந்தால், தாத்தா காலத்துப் புகைப்படத்திலுள்ள படிக்கட்டு இன்றைய வீட்டில் ஏன் இல்லை என்ற குழப்பம் தீரும்.