ரேம் வேகம் 3200-ஆ, 3600-ஆ, 6000-ஆ? முதல்முறை பிசி கட்டுபவர்களுக்கு

போன மாதம் கல்லிடைக்குறிச்சி சித்தி மகன் போன் போட்டான். ஆள் நின்றது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள்.

"அண்ணே, ரேமு 3200ன்னு ஒண்ணு இருக்கு, 3600ன்னு ஒண்ணு இருக்கு. கடைக்கார அண்ணாச்சி 3600தான் வேகம்னு சொல்லுதாவ. எதை எடுக்கட்டும்?"

"ஏலே, அதைப் பொறவு பாப்போம். மொதல்ல பிராசஸரு என்ன, போர்டு என்ன?"

பில்லைப் பார்த்து வாசித்தான்: ரைசன் 5 5600ஜி, பி550 போர்டு. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. காலேஜ் வேலை, கொஞ்சம் வீடியோ எடிட்டிங், ராத்திரி கொஞ்சம் கேம். இதே நிலையில் கடைக்குள் நிற்கும் எல்லோருக்குமாக, அன்றைக்கு போனில் அவனுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ரேமைத் தொடும் முன் போர்டைப் பாருங்கள்

ரேம் எவ்வளவு வேகம் ஓட வேண்டும் என்பதை ரேம் மட்டும் முடிவு செய்வதில்லை. பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டின் சிப்செட்டும் (பி550, பி460 என்பதெல்லாம் அதன் பெயர்தான்) சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2020-இல் ஐ5-10400 பிராசஸரும் பி460 போர்டும் வாங்கினேன். கூடவே, ஆசைப்பட்டு, 3200 வேக ரேம். அந்தப் பிராசஸருக்கு இன்டெல் சொல்லியிருக்கும் உச்சம் 2666. அதற்கு மேல் ரேமை ஓட்ட பி460 சிப்செட் விடாது. ஒரு வருஷத்துக்கு மேல் என் 3200 ரேம் 2666-லேயே ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியாது. விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே, போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலைத் தேடி, ஸ்பெசிபிகேஷன் பக்கத்தில் மெமரி வரியைப் படியுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு.

ஒன்று, ரேமின் தலைமுறை, அதாவது டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பது. இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளில் மட்டும் கவனம் வேண்டும். ஒரே பிராசஸருக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயரில் டி4 என்று ஒரு சின்ன வால் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

இரண்டு, உச்ச வேகம். எச்510, எச்610 மாதிரி விலை குறைந்த இன்டெல் போர்டுகளில் பொதுவாக பிராசஸருக்குச் சொல்லப்பட்ட வேகம்தான் கூரை. ஐ5-12400-க்கு அது டிடிஆர்4 என்றால் 3200, டிடிஆர்5 என்றால் 4800. எச்610-இல் 6000 ரேம் போட்டால் போட்டுக்கொள்ளும், 6000-இல் ஓடாது. பி560, பி660, பி760 போர்டுகள் ரேமை அதற்கு மேலும் ஓட்ட விடும். ஏஎம்டி பக்கம் பி450, பி550, பி650 எல்லாம் இந்த விஷயத்தில் தாராளம்.

படி 2: பெட்டியில் இருக்கும் எண்

3200 என்று போட்டிருப்பதைக் கடையில் மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். உண்மையில் அது ஒரு வினாடிக்கு 3200 மெகா டிரான்ஸ்ஃபர். ரேமின் கடிகாரம் ஓடுவது 1600 மெகாஹெர்ட்ஸில்தான். ஒவ்வொரு துடிப்பும் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை தரவை அனுப்பிவிடும். அம்பாசமுத்திரம் பஸ் போகையிலும் ஆள் ஏற்றும், வருகையிலும் ஆள் ஏற்றும் அல்லவா, அந்தக் கணக்கு. டிடிஆர் (டபுள் டேட்டா ரேட்) என்ற பெயரே அதற்கு வைத்ததுதான்.

இதை இங்கே சொல்லக் காரணம், சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் 1600 என்று காட்டும். உடனே கடைக்கு ஓடிச் சண்டை போடாதீர்கள். இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: சிஎல் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள்

வேகத்துக்குப் பக்கத்தில் சிஎல்16, சிஎல்18, சிஎல்36 என்று ஒன்று இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது இதைத்தான்.

சாயங்காலம் நெல்லையப்பர் கோவில் பக்கம் அல்வா வாங்க வரிசையில் நின்றிருப்பீர்கள். உங்கள் கைக்கு முதல் பொட்டலம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது ஒன்று. அண்ணாச்சி நிமிஷத்துக்கு எத்தனை பொட்டலம் கட்டுகிறார் என்பது இன்னொன்று. 3200, 3600 என்பவை பொட்டலம் கட்டும் கை. சிஎல் என்பது காத்திருப்பு. ஆனால் அது வினாடியில் இல்லை, கடிகாரத் துடிப்பில் எண்ணியது. அதனால் இரண்டு ரேமின் சிஎல்லை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. நானோ வினாடிக்கு மாற்ற வேண்டும்:

சிஎல் × 2000 ÷ வேகம்

போட்டுப் பாருங்கள்.

டிடிஆர்4 3200 சிஎல்16: 10 நானோ வினாடி
டிடிஆர்4 3200 சிஎல்22: 13.75
டிடிஆர்4 3600 சிஎல்18: 10
டிடிஆர்5 4800 சிஎல்40: சுமார் 16.7
டிடிஆர்5 6000 சிஎல்36: 12
டிடிஆர்5 6000 சிஎல்30: 10

ஒரே 3200-இல் சிஎல்16-க்கும் சிஎல்22-க்கும் இருக்கும் தூரத்தைக் கவனியுங்கள். பெட்டியின் முன்பக்கம் இரண்டிலும் 3200 என்றுதான் பெரிதாக இருக்கும். சிஎல் எண் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும், 16-18-18-38 என்கிற மாதிரி. முதல் எண்தான் சிஎல்.

தம்பி கேட்ட 3600, சிஎல்18. 3200, சிஎல்16. காத்திருப்பு இரண்டிலும் ஒன்றே.

படி 4: ஒன்றா, இரண்டா?

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்து கேட்டேன். "ரெண்டும் எத்தனை ஸ்டிக்குல?" 3600 என்பது ஒத்த 16 ஜிபி. 3200 என்பது 8 ஜிபி வீதம் இரண்டு.

நம் ஊர் ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறதே, 1973-இல் திறந்தது. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, இரண்டிலும் ஒரே நேரத்தில் வண்டி போகும். டூயல் சேனல் என்பது அதுதான். வீட்டு பிசிகளின் பிராசஸரில் ரேமுக்கு இரண்டு பாதை இருக்கிறது, ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். ஒத்த ஸ்டிக் போட்டால் ஒரு தட்டைச் சும்மா பூட்டி வைத்த மாதிரி.

64 பிட் என்றால் 8 பைட். 3600-ஐ 8-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 28.8 ஜிபி. 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் 25.6, ஆனால் இரண்டு பாதை, ஆக 51.2 ஜிபி. கடையில் "வேகம் கம்மி" என்று தள்ளி வைத்த ரேம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொண்டுபோகும்.

டிடிஆர்5-இல் ஒரு பேச்சு உண்டு: "இதுல ஒரு ஸ்டிக்கே டூயல் சேனல் அண்ணே." ஒரு டிடிஆர்5 ஸ்டிக் உள்ளுக்குள் 32 பிட் வீதம் இரண்டாகப் பிரிந்திருப்பது உண்மை. கூட்டினால் அதே 64 பிட்தான். இரண்டு ஸ்டிக் இதிலும் வேண்டும்.

அதற்காக நான்கு வேண்டாம், குறிப்பாக டிடிஆர்5-இல். ரைசன் 7000 பிராசஸர்களுக்கு இரண்டு ஸ்டிக்குக்கு 5200 வரை சொல்லும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 என்றுதான் சொல்கிறது. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 வீதம் இரண்டு.

படி 5: உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை?

டாலி, டைப்பிங், பாடம், யூடியூப் என்றால் ரேம் வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். போர்டு ஏற்கும் விலை குறைந்த ரேம், இரண்டு ஸ்டிக், முடிந்தது.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்குச் சொந்தமாக மெமரி உண்டு. டிடிஆர்4-இல் 3200 சிஎல்16 போதும். அதற்கு மேல் கொடுக்கிற காசை கார்டில் போடுங்கள்.

கார்டு இல்லாமல் 5600ஜி, 8600ஜி மாதிரி பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பவர்களுக்குத்தான் ரேம் வேகம் உயிர். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, உங்கள் ரேமிலேயேதான் வாங்கிக் குடிக்கிறது. தம்பியின் கேமுக்கு ஒத்த ஸ்டிக் கூடாது என்று நான் அடம்பிடித்தது இதற்காகத்தான். காசு இருந்தால் இதே போர்டில் 3600 சிஎல்16 அல்லது 18, அதுவும் இரண்டு ஸ்டிக்காக, வாங்கலாம். தப்பில்லை.

ஏஎம்5 (ரைசன் 7000-உடன் ஏஎம்டி கொண்டுவந்த சாக்கெட்) போர்டுக்காரர்களுக்கு: 6000 சிஎல்30. ரைசன் 7000 வந்தபோது ஏஎம்டியே சுட்டிய எண் 6000. அந்த வேகத்தில் மெமரி கன்ட்ரோலரும் ரேமும் ஒரே கடிகாரத்தில் கைகோத்து ஓடும். 6400-ஐத் தாண்டிப் போனால் பெரும்பாலும் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும், காத்திருப்பு கூடும். 7200 என்று பளபளப்பாக ஒன்றைக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சிஎல்30 விலை கட்டுப்படி ஆகவில்லையா, சிஎல்36 எடுங்கள்.

2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு எனக்கு ஒரே கறார்: 16 ஜிபி 6000-க்கும் 32 ஜிபி 5200-க்கும் நடுவில் தவித்தால், எடிட்டிங் செய்பவர் 32-ஐ எடுக்கட்டும். ரேம் நிரம்பி எஸ்எஸ்டிக்குப் போய்விட்டால் எந்த வேகமும் கைகொடுக்காது.

படி 6: மாட்டுவது

கரண்ட் பிளக்கைப் பிடுங்குங்கள். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ அடுத்தடுத்து மாட்டினால் இரண்டும் ஒரே பாதையில் போய் நின்றுவிடும். வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள், டக்கென்று கேட்கும்.

ஆடிக்காற்றில் ஜன்னல் பக்கம் வைத்துக் கட்டாதீர்கள். பணகுடிப் பக்கம் நண்பர் வீட்டில் திறந்து வைத்த போர்டின் ஸ்லாட்டில் மணலே இருந்தது.

படி 7: பயாஸில் ஒரு சொடுக்கு

எல்லாம் சரியாக வாங்கி, சரியாக மாட்டி, இதை விட்டுவிட்டால் அத்தனையும் வீண். 3200 ரேம் பெரும்பாலும் முதலில் 3200-இல் ஓடாது. பாதுகாப்பான 2133, 2400 அல்லது 2666-இல்தான் எழும். டிடிஆர்5 என்றால் பெரும்பாலும் 4800.

ஆன் செய்ததும் டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்ஸ்) திரையில் எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கும்; இன்டெல் கொண்டுவந்தது. ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டுகளில் எக்ஸ்போ. சில ஏஎம்டி டிடிஆர்4 போர்டுகளில் டிஓசிபி. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே: ரேமுக்குள் எழுதி வைத்திருக்கும் வேகம், சிஎல், வோல்டேஜ் மூன்றையும் எடுத்துப் போடும். டிடிஆர்4-இல் வோல்டேஜ் 1.2-இலிருந்து பெரும்பாலும் 1.35-க்கு ஏறும், பயப்பட வேண்டாம். எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

ஏஎம்5 போர்டில் முதல் தடவை திரை சில நிமிடம் கருப்பாகவே நிற்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் பொறுக்காமல் மூன்று தடவை சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டு, போர்டு செத்துவிட்டது என்று எனக்கு அழாத குறையாகப் போன் செய்தார். "ஒரு டீயைக் குடிச்சிட்டு வாங்க" என்றேன். வந்து பார்த்தபோது விண்டோஸ் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது.

டீ குடித்து வந்தும் கருப்பாகவே இருந்தால்தான் அடுத்த வேலை: பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் காசு மாதிரி வட்ட பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

படி 8: சரிபார்ப்பது

விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், மெமரி. வேகம் அங்கே வரும். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவில் போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான். 6000-ஐ 5600-க்கு இறக்கிப் பாருங்கள். மார்கழியில் ஒழுங்காக ஓடிய டிடிஆர்5 கத்திரி வெயிலில் மக்கர் பண்ணுவதும் உண்டு, சூடு ஏறினால் ரேமுக்குப் பிழை கூடும். கேபினெட்டில் காற்று வர ஒரு ஃபேனாவது இருக்கட்டும்.

தம்பி அன்றைக்கு ராத்திரி டாஸ்க் மேனேஜரைப் படம் பிடித்து அனுப்பினான். 2133. "எக்ஸ்எம்பி போட்டியால?" என்று கேட்டேன். கால் மணி நேரம் கழித்து அடுத்த படம்: 3200, ஸ்லாட் நான்கில் இரண்டு. கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, வேற கம்பெனி 2666 ரேமு ரெண்டு சும்மா கெடக்கு, மிச்ச ரெண்டு ஸ்லாட்டுல போடட்டுமா?"

போட்டால் நான்கும் 2666-க்கு இறங்கும் என்று பதில் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.